கண்ணையா டச்சப் செய்த சுவர்

"கண்ண மூடிக்கோ டீச்சரம்மா. நான் சொன்னப்புறம்தான் தொறக்கணும்" என்றார் கண்ணையா.

மூடிக்கொண்டேன். மீஞ்சூர் ரயிலடியை ஒட்டிய சந்தில் இருந்த அவருடைய போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடியும் ஊதுபத்தி வாசனையும் கலந்துதான் வரும். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. படங்கள் தயார் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் ஓடி வந்திருந்தேன்.

"இப்ப பாரு!"

பார்த்தேன். மேஜைமேல் பெரிதாக ஒரு படம். அதில் ஒரு சுவர். நேற்றுத்தான் கொத்தனார் பூசிவிட்டுப் போனது போல மழமழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு பொத்தல் இல்லை.

"இது யாராத்துச் சுவர்?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்டி கேக்கற! உன் சொவருதான். அந்த சத்திரத்துச் சொவரு. எவ்ளோ விரிசலு! அத்தினியும் பென்சிலு வெச்சி அடச்சிட்டேன். வெள்ள வெள்ளையா உப்பு பூத்துக்கினு இருந்திச்சி பாரு, அத்த நெகடிவுல கத்தியால நைசா சொரண்டிட்டேன். கண்ணு ரெண்டும் அவிஞ்சி பூடுச்சி. உனக்காவத்தான் செஞ்சேன், வேற எவனுக்காவது செய்வனா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த விரிசலுக்காகவும் அந்த உப்புக்காகவும்தான் நான் அந்தச் சுவரைப் படம் எடுத்தேன். போதாக்குறைக்கு, அன்றைக்குத்தான் அதை இடிக்கப் போகிறார்கள்.

குட்டிச்சுவர் பைத்தியம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் எந்த ரகப் பைத்தியம் என்பது ஓரளவு தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒருமுறை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு இடிந்த சுவர் என்றால் உயிர்.

எல்லாம் சின்ன வயதில் வந்த மணல்வாரி அம்மையில் ஆரம்பித்தது. திருவள்ளூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் என்னை வேப்பிலைப் படுக்கையில் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டாரின் பாதி விழுந்த சுவர். பார்ப்பதற்கு வேறொன்றும் கிடையாது. பார்க்கப் பார்க்க அதில் ஒரு குதிரை தெரிந்தது. மறுநாள் மழை. ஈரம் ஏறிய சுவரில் குதிரைக்குத் தும்பிக்கை முளைத்துவிட்டது. வெயில் வந்ததும் யானையும் போய், ஜடை பின்னிய ஒரு பெண் திரும்பி நின்றாள். காய்ச்சல் வேகம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். காய்ச்சல் போன பிறகும் அவள் அங்கேயேதான் நின்றாள்.

அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர். அண்ணாவுக்கு மெட்ராஸில் உத்தியோகம். நான் படித்து முடித்து, கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்தபோது, அண்ணா மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கிக் கொடுத்தான். மீஞ்சூரில் தெரிந்தவர்கள் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, தினமும் கரி எஞ்சின் ஓட்டும் பாசஞ்சரில் பள்ளிக்குப் போய்வந்தேன். வழியெல்லாம் சுவர்கள்! உப்பளத்துப் பக்கம் கூரை பறந்த கிடங்குகள், தூர்ந்த கிணற்றுக்குக் காவல் நிற்கும் பாதிச் சுவர்கள், வாசல்படி மட்டும் மிஞ்சிய வீடுகள். ரயில் மெதுவாகப் போனால் எனக்குச் சந்தோஷம், நின்றே விட்டால் பரம சந்தோஷம்.

அண்ணா கேமரா கொடுத்தது குடும்பத்தைப் படம் எடுக்க. நான் எடுத்து வந்த முதல் ரோலைப் பார்த்து அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பெருமாள் புறப்பாடு ஆறது, அதை எடுக்கப்படாதோ? குட்டிச்சுவத்தை எடுத்துண்டு வந்து நிக்கறியே!"

அண்ணா அப்பாவைப் போலக் கத்துகிறவன் இல்லை. அவனுடைய வழியே தனி. "ஒரே ஒரு படம் காட்டு. நானா நின்னு பாக்கற மாதிரி ஒரே ஒரு சுவர். அமாவாசைக்கு ஊருக்கு வரேன், அன்னிக்குக் காட்டு. இல்லேன்னா கேமராவை எடுத்துண்டு போயிடறேன். யாராவது குழந்தையை கிழந்தையை எடுக்கட்டும்" என்றான். சொன்னால் செய்கிறவன்.

நான் கண்ணையாவின் மேஜைக்கு முன்னால் நின்ற அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் அமாவாசை.

வரட்டிகளுக்கு நடுவே நீலம்

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே போகும் பெரிய ரோட்டின் ஓரமாக ஒரு சத்திரம் இருந்ததாம். காசிக்கு நடந்துபோன காலத்தில் யாத்ரீகர்கள் தங்கிய இடம் என்று சொல்வார்கள். நான் பார்த்தபோது கூரையும் இல்லை, மற்ற மூன்று பக்கமும் இல்லை. ஒற்றைச் சுவர் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. உச்சியில் ஓர் அரசங்கன்று. அதன் வேர், காரைக்கு மேல் ஓடி, விளக்கு மாடம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. எந்தக் காலத்திலோ அடுப்பு மூட்டிய இடத்தில் புகை படிந்த கறுப்பு. அதற்கு மேல் மஞ்சள் பூச்சு. மஞ்சள் உதிர்ந்த இடத்தில் காவி. காவியும் உதிர்ந்த ஓரிரண்டு இடத்தில் மங்கலாக ஒரு நீலம்! யார், எதற்காக, ஒரு சத்திரத்துச் சுவருக்கு நீலம் அடித்தார்கள்? அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சுவரின் கீழ்ப்பாதி முழுக்க வரட்டி. ஒவ்வொன்றிலும் ஐந்து விரலும் பதிந்திருந்தது. தட்டியவள் செங்கம்மா. பக்கத்துக் கழனிக்காரி, முப்பது வயதிருக்கும். நான் சுவருக்கு முன்னால் குந்தியும் எழுந்தும் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததை இடுப்பில் கூடையோடு வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாம்மா, இந்தக் குட்டிச்சொவத்துல இன்னாத்த தேடற? எதுனா உழுந்து போச்சா?"

"ஒண்ணும் விழலை. சுவர் அழகா இருக்கு, படம் எடுக்கறேன்."

"அழகா?" அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். "வரட்டி காயறதுக்குத் தோதா கீது, அத்த வேணா சொல்லு."

தொழிற்பேட்டை வந்துகொண்டிருந்த சமயம் அது. அவர்கள் கழனியும் அதற்குப் போய்விட்டது. கம்பெனி வந்தால் வேலை கிடைக்கும் என்று அவள் புருஷன் காத்துக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் இவள் சித்தாள் வேலைக்குப் போனாள்.

"எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துக்கோ. வர்ற சனிக்கெழம இத்த இடிக்கிறாங்கோ. நானும்தான் கூலிக்குப் போறேன். வரட்டி தட்ன கையாலயே இடிக்கணும்னு கீது பாரு" என்று சிரித்தாள்.

சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு விரிசலையும் தனித்தனியாக எழுப்பிக் காட்டியது. ரோல் முழுவதையும் அந்தச் சுவருக்கே தீர்த்தேன். அண்ணா நிற்கத்தான் போகிறான் என்று ரயிலில் வரும்போதே எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அந்த ரோலைத்தான் கண்ணையாவிடம் கொடுத்திருந்தேன்.

பென்சில் முடித்த கல்யாணங்கள்

கண்ணையாவின்மேல் தப்பு சொல்லவே முடியாது. அந்தக் காலத்தில் போட்டோ என்றால் அலங்காரம். ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் ஒரு கண்ணாடி, கயிற்றில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா. ஆண்பிள்ளைகளுக்கு ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. முன்பக்கம் மட்டும் நன்றாக இருக்கும், முதுகில் கிழிசல். உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள்.

படம் எடுத்த பிறகுதான் அவருடைய நிஜமான வேலை ஆரம்பிக்கும். சாய்வு மேஜையில் நெகடிவை வைத்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஊசி போலச் சீவிய பென்சிலால் பருவை மறைப்பார், சுருக்கத்தை நிரப்புவார். அதற்குப் பேர் டச்சப். பெண் பார்க்க அனுப்பும் படங்கள் எல்லாம் அந்தப் பென்சில் வழியாகத்தான் போகும். மீஞ்சூரில் பாதிக் கல்யாணம் கண்ணையா முடித்தது என்பார்கள். நேரில் வந்து பார்த்த மாப்பிள்ளை வீட்டார் ஒருதரம், "படத்துல இருக்கிற பொண்ணு எங்கே?" என்று கேட்டு ரகளை செய்ததும் உண்டு.

அப்பேர்ப்பட்டவரிடம் விரிசல் விட்ட சுவரை நீட்டினால் என்ன செய்வார்? சுவருக்கும் ஒரு நல்ல இடம் அமையட்டும் என்று நினைத்துவிட்டார்.

"பொட்டியத் தூக்கினு வரேன், நட!"

அதெல்லாம் இப்போது சொல்கிற நியாயம். அன்றைக்கு நான் கத்தினேன்.

"பென்சிலை அழிச்சுடுங்கோ சார்! பழையபடி பண்ணிக் குடுங்கோ!"

"பென்சில அழிச்சிரலாம்மா. கத்தி வெச்சத இன்னா பண்றது? சொரண்டினது சொரண்டினதுதான்." அவர் குரல் இறங்கிவிட்டது. "எல்லா நெகடிவும் செஞ்சிட்டேனே. அழகா இருக்கட்டுமேன்னுதான்..."

நாளைக்கு அண்ணா வருகிறான் என்றேன். கேமரா போய்விடும் என்றேன். சுவர் இன்றைக்கு இடிபடுகிறது என்றேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னதில் எனக்கு விக்கலே எடுத்தது.

கண்ணையா ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு புது ரோலை எடுத்து என் கேமராவில் மாட்டினார். மூலையிலிருந்த தம்முடைய பெரிய மரக் கேமராவை, அதை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டோடு சேர்த்துத் தோளில் ஏற்றினார்.

"நீங்க எதுக்கு சார்?"

"கெடுத்தது நானு. பொட்டியத் தூக்கினு வரேன், நட! நாஷ்டா அப்புறம் துன்னுக்கலாம்."

பாசஞ்சர் ஊதிவிட்டது. ஒரு டிராயிங் டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட, பின்னால் மூன்று காலைத் தூக்கிக்கொண்டு ஒருவர் "கார்டு சாரே! கார்டு சாரே!" என்று கத்திக்கொண்டு ஓட, பிளாட்பாரமே சிரித்தது. கார்டும் சிரித்துவிட்டார். அதனால்தான் வண்டி கிடைத்தது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஜட்கா பிடித்தோம். பொன்னேரி தாண்டியதிலிருந்தே எனக்கு ஒரே ஜபம்தான். இருக்கணும், இருக்கணும், இருக்கணும்.

இருந்தது! ஆனால் உச்சியில் கயிறு கட்டியாகிவிட்டது. அடியில் கடப்பாரை போட்டு வரிசையாகச் செங்கல்லை உருவிக்கொண்டிருந்தார்கள். வரட்டிகளை எல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து ஆட்கள், தலையில் துண்டு கட்டிய ஒரு மேஸ்திரி.

"மேஸ்திரி, ஒரு பத்து நிமிஷம் குடுங்கோ. இந்தச் சுவரை ஒரு படம் எடுத்துக்கறேன்."

"படமா?" மேஸ்திரி என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கண்ணையாவின் தோளில் இருந்த மூன்று காலைப் பார்த்தார். "டேய், போட்டோ எடுக்கறாங்கடா! எல்லாம் வாங்கடா!"

அவ்வளவுதான். கடப்பாரைகள் கீழே விழுந்தன. குடத்துத் தண்ணீரில் முகம் கழுவினார்கள். ஒருவர் தலையை ஒருவர் வாரிவிட்டார்கள். ஒருத்தி கனகாம்பரத்தைத் தோழிக்கும் கிள்ளிக் கொடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பேரும் சுவருக்கு முன்னால் தோளோடு தோள் சேர்ந்து நின்றுவிட்டார்கள். சுவரில் ஒரு சாண்கூட எனக்குத் தெரியவில்லை.

"நீங்க இல்லாம சுவரை மட்டும்..." என்று இழுத்தேன்.

"ஆளு இல்லாம எவனாச்சும் படம் எடுப்பானா? பேஜாரு பண்ணாத எடும்மா, கம்பெனிக்காரரு வந்துருவாரு" என்றார் மேஸ்திரி, மீசையை முறுக்கிக்கொண்டு.

வெயில் அதுவரை சுவரைப் பக்கவாட்டில் தடவிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் எல்லாம் தட்டையாகிவிடும். எனக்கு அழுகை முட்டியது.

அப்போது கண்ணையாவின் குரல் கேட்டது. முகூர்த்த மேடையில் நூறு பேரை வரிசைப்படுத்துகிற குரல். "யாருப்பா அங்க நிக்கச் சொன்னது? அந்தப் பக்கம் லைட்டே சரியில்ல. மூஞ்சி கறுத்துப் பூடும். எல்லாரும் இந்தப் புளியமரத்தாண்ட வாங்க. ஒசரமா கீறவன் பின்னாடி, குள்ளமா கீறவன் முன்னாடி. காசு வாணாம். மேஸ்திரி, நடுவுல நீ. துண்ட அவுத்துத் தோள்ல போடு, ராஜா மாரி இருப்ப."

மொத்தக் கூட்டமும் புளியமரத்துக்கு நகர்ந்தது. போகிற போக்கில் கண்ணையா என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார். அந்த மனுஷனை அங்கேயே விழுந்து சேவிக்கலாம் போல இருந்தது.

தண்ணீர் பட்டதும்

சுவரடியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். செங்கம்மா.

"நீ போகலையா?"

"என் மூஞ்சிக்குப் போட்டோ ஒண்ணுதான் கொறச்சலு" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சின்ன வயதில் பெரியம்மை வார்த்தவள் அவள். கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் தழும்பு. "நான் என் வேலையப் பாக்கறேன். இழுக்கறதுக்கு முன்னாடி புழுதி அடங்க சொவத்துக்குத் தண்ணி ஊத்தணும். ஊத்தவா, வாணாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முதல் குடத்தை வீசிவிட்டாள்.

ஐயோ, என்ன சொல்வேன்! மங்கலாகத் திட்டுத் திட்டாக இருந்த நீலம், தண்ணீர் பட்டதும் மையாகக் கறுத்து எழுந்தது. காவி அடர்ந்தது. உப்புப் பூத்த வெள்ளை மட்டும் ஈரத்துக்கு நடுவே இன்னும் வெளுப்பாக மின்னியது. விரிசல்கள் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, ஒரு நதியும் அதன் கிளைகளுமாக, உச்சியிலிருந்த வேர்வரைக்கும் ஓடின. வரட்டி பெயர்த்த இடங்களில், விரல் அழுந்திய வாக்கில் ஐந்தைந்தாகக் கறை. நூறு பேர் அந்தச் சுவரில் கைவைத்து நிற்பது போல இருந்தது.

"இன்னும் ஊத்து! மேலே ஊத்து! அந்த மாடத்துக்கு ஊத்து!" என்று நான் கூத்தாடினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்திருந்தால் என் மானம் போயிருக்கும். செங்கம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. "இந்தா! இந்தா!" என்று குடம் குடமாக வீசினாள். நான் ஓடி ஓடி எடுத்தேன். மண்டி போட்டு எடுத்தேன், செங்கல் குவியல்மேல் ஏறி எடுத்தேன். கேமராவின் பொத்தானை அமுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கோ சிரிப்பு நிற்கவில்லை.

கடைசிப் படத்தை எடுத்து ரோலைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, செங்கம்மா காலிக் குடத்தோடு என் பக்கத்தில் வந்து நின்று சுவரைப் பார்த்தாள். பிறகு புளியமரத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். கயிற்றைப் பிடித்தார்கள், அவளும் பிடித்தாள். "ஐலசா" என்று மூன்றாவது முறை சொன்னபோது சுவர் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்தது. தண்ணீர் ஊற்றியிருந்ததால் புழுதியே எழவில்லை.

அண்ணா நின்றான்

மீஞ்சூருக்குத் திரும்பியதும், பொழுது சாயும்வரை ஸ்டூடியோவின் இருட்டறையில் கண்ணையாவோடு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கின் அடியில், மருந்துத் தட்டில் ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக் காகிதத்தில் முதலில் விரிசல்கள்தான் வந்தன. அப்புறம் வேர், அப்புறம் மாடம்.

"அடேங்கப்பா!" என்றார் கண்ணையா. அவருடைய கை பழக்கத்தில் பென்சிலைத் தேடியது. நான் பென்சிலை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் திருவள்ளூரில் அமாவாசைக் கூட்டம் கோயில் குளத்தங்கரை முழுக்க நெரிந்தது. அண்ணா ஸ்நானம் முடித்து ஈர வேஷ்டியோடு வீட்டுக்கு வந்தான். படத்தைக் கையில் கொடுத்தேன். நின்றான். வேஷ்டியில் தண்ணீர் சொட்டி அவன் காலடியில் குட்டை கட்டியது. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள், அவன் காதில் விழவில்லை. கடைசியில், "இது எங்கே இருக்கு? போய்ப் பாக்கணுமே" என்றான்.

"நேத்திக்கு இடிச்சுட்டா."

அண்ணா படத்தைத் திருப்பிக் கொடுத்தான். கேமராவைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்ராஸுக்குப் போனவன் தபாலில் இரண்டு ரோல் அனுப்பி வைத்தான்.

கண்ணையா தம் பங்குக்கு ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார். மணப்பெண்களுக்கும் மொட்டை அடித்த குழந்தைகளுக்கும் நடுவில் ஓர் இடிந்த சுவர். "இன்னா நைனா, கடைய இடிக்கப் போறாங்களா?" என்று சந்தே கேலி செய்தது. அவர் அதைக் கழற்றவில்லை.

சில வாரங்கள் கழித்து, நான் அங்கே இருந்த ஒரு காலையில், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒருத்தி வெகுநேரமாக நிற்பது தெரிந்தது. சந்தைக்கு வந்த செங்கம்மா. நான் கூப்பிடுவதற்குள் தானே உள்ளே வந்தாள். முந்தானை தோளில் இருந்தது. நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னியும் ஒண்ணு எடு நைனா."

கண்ணையா சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்து நீட்டினார். அவள் தொடவில்லை.

"சரி, மூஞ்சியக் கொஞ்சம் இப்டித் திருப்பும்மா. அந்தப் பக்கம் லைட்டு படாது. மிச்சத்த நான் டச்சப்புல பாத்துக்கறேன்."

செங்கம்மா திரும்பவில்லை. "வெளிய மாட்டிக்கிறியே சொவரு, அதுக்கு டச்சப்பு பண்ணியா?"

"ஒரு தபா பண்ணேன். டீச்சரம்மா கையில நல்லா வாங்கிக் கட்டிக்கினேன்."

"அது கெடக்கட்டும். அதோ மாட்டிக்கினு கீறியே, அதுக்கு?"

"அதுக்கு இல்ல."

"அப்ப எனக்கும் வாணாம். அப்டியே எடு."

கண்ணையா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னா நைனா, உள்ளயே தூங்கிட்டியா?" என்றாள் செங்கம்மா. "சீக்கிரம் எடு. சிரிச்சிக்கினே குந்திக்கினு இருக்கேன், வாய் வலிக்குது."